புது மெஷின் யாருக்கு?

கணினி வாங்கப் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி எங்கள் வீடியோ ஸ்டுடியோவுக்குள் பரவியதும் ஒரு பட்டியல் தானாகவே தயாராகிவிடும். அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம். படத்தின் நிறங்களைச் சீராக்கும் கலரிஸ்டுக்கு முதலிடம், மூத்த எடிட்டருக்கு அடுத்த இடம், அசையும் எழுத்தும் வரைகலையும் செய்யும் மோஷன் கிராஃபிக்ஸ்காரருக்கு அதற்கடுத்த இடம். இவர்களிடமிருந்து கழியும் பழைய மெஷின்கள் படிப்படியாகக் கீழிறங்கி, கடைசியில் கேமரா கார்டுகளைக் காப்பி போடும் உதவியாளரின் மேசையில் போய் நிற்கும். தொழில்நுட்பப் பொறுப்பு என்னிடம் இருப்பதால், ஒவ்வொரு முறையும் இந்த வரிசைக்கு ஒரு நியாயம் எழுதி மேலே அனுப்புவது என் வேலை. சம்பளப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வரிசைதான் என்பது வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

வரிசை முழுக்கத் தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. கலரிஸ்ட் நிறங்களைச் சரிசெய்யும் கிரேடிங் அறையில் கிளையன்ட் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு ஷாட்டில் நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்குவது) போட்டவுடன் பிளேபேக் திக்கித் திணறினால், "கலர் நன்றாக இருக்கிறதா" என்ற கேள்வி போய், "இவர்களிடம் சரியான வசதி இருக்கிறதா" என்ற கேள்வி அவர் மனதில் வந்துவிடும். அந்த அறைக்கு நல்ல மெஷின் வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது சொல்லும்போது நான் மறுத்துப் பேசியதில்லை. என்னுடைய சந்தேகம் வேறு. ஒவ்வொருவரும் "என் மெஷின் ஸ்லோ" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் நோய் வேறு. எல்லா நோய்க்கும் புது மெஷின் என்ற ஒரே மருந்தை, அதுவும் பதவி வரிசைப்படி கொடுத்துவருகிறோம்.

மோஷன் கிராஃபிக்ஸ் செய்பவரின் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 3840-க்கு 2160 அளவுள்ள ஒரு ஃபிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு) என நான்கு மதிப்புகள். 8 பிட்டில் வேலை செய்தால் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 33 மெகாபைட். அதையே இன்னும் துல்லியமான 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாற்றினால் 133 மெகாபைட். நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் பத்து நொடி பிரிவியூவுக்கு 250 ஃபிரேம்கள் வேண்டும். முதல் வகையில் எட்டு ஜிபி சொச்சம், இரண்டாவதில் 33 ஜிபி. 32 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அவர் பயன்படுத்தும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் அந்தப் பத்து நொடியை முழுதாக ரேமில் வைத்துக்கொள்ளவே முடியாது. இவருக்குப் புது மெஷினே தேவையில்லை, ரேம் குச்சிகள் போதும். 2021-இல் அந்த மென்பொருளில் பல ஃபிரேம்களை ஒரே சமயத்தில் ரெண்டர் செய்யும் (கணக்கிட்டு உருவாக்கும்) வசதி வந்த பிறகு ரேமின் தேவை இன்னும் கூடிவிட்டது. இணையாக ஓடும் ஒவ்வொரு ஃபிரேமும் தனக்கென நினைவகம் கேட்கும். கலரிஸ்டின் நோய் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம். அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன் வேலை செய்யும் என்பதால், கார்டில் இடம் போதாதபோது கிரேடிங் மென்பொருளான ரிசால்வ் எச்சரிக்கை காட்டிவிட்டு நின்றுவிடும். அங்கே பிராசஸரை மாற்றிக் கொடுப்பது பணத்துக்குப் பிடித்த கேடு. ஒலிப் பொறியாளரின் தேவை பெரும்பாலும் அமைதி. இவற்றையெல்லாம் நான் முன்பே அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். யாரும் மறுத்ததுமில்லை, அவற்றால் பட்டியல் மாறியதுமில்லை.

ஆளோடு காத்திருப்பது, ஆளில்லாமல் காத்திருப்பது

பணம் கேட்டு எழுதப்படும் எல்லாக் காகிதங்களிலும் எக்ஸ்போர்ட் நேரம்தான், அதாவது வெட்டி முடித்ததைக் கோப்பாக வெளியெடுக்கும் நேரம்தான், முன்னால் நிற்கும். நாற்பது நிமிடம் ஆனது இருபதாகக் குறையும் என்று எழுதினால் மேலே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும், எண் பாதியாகிறதல்லவா! ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால் மொத்தத்தில் கிடைக்கும் லாபத்துக்கு மீறமுடியாத உச்சவரம்பு ஒன்று உண்டு என்பதைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இலேயே கணினிக் கட்டமைப்பைப் பற்றிய விவாதத்தில் வாதிட்டுவிட்டார். அந்தக் கணக்கு எங்கள் அறைகளுக்கும் பொருந்தும். ஒரு வேலையின் மொத்த நேரத்தில் எக்ஸ்போர்ட் ஐந்தில் ஒரு பங்கு என்றால், அதைப் பூஜ்யமாக்கினாலும் வேலை 1.25 மடங்குதான் வேகமாகும். அந்த ஐந்தில் ஒரு பங்கின் பெரும்பகுதியும் ஆள் வீட்டுக்குப் போன பிறகு ஓடுவது. இரவு முழுவதும் ஓடும் ரெண்டர் காலை நான்கு மணிக்கு முடிந்தால் என்ன, ஆறு மணிக்கு முடிந்தால் என்ன? ஒன்பது மணிக்கு வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஸ்பேஸ் பாரை அழுத்திவிட்டுப் படம் நகரக் காத்திருக்கும் ஒன்றரை நொடி அப்படிப்பட்டதல்ல. அந்த ஒன்றரை நொடியில் எழுந்துபோய் வேறு வேலை பார்க்க முடியாது. அடுத்த வெட்டைப் பற்றிய யோசனையும் அறுந்துவிடும். ஒரு நாளில் இது எத்தனை நூறு முறை நடக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை, அதனால் எந்த விண்ணப்பத்திலும் அது ஏறுவதில்லை. இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். டெலிவரி நாளன்று பெயரில் ஒரு எழுத்துப்பிழை கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, தயாரிப்பாளர் தோளுக்குப் பின்னால் நிற்க, சதவீதக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாற்பது நிமிடம் ஆளோடு காத்திருக்கும் நேரம்தான். அதைக் குறைக்கக் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆளோடு காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் இடத்துக்கே முதல் பணம் போக வேண்டும் என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. காத்திருக்கும் நேரத்தை எப்படி அளப்பது என்று பார்ப்பதற்காக ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்காரத் தொடங்கினேன். இளைய எடிட்டர் ஒருவரின் அறையில் கழித்த ஒரு மதியம் அந்த முடிவின் போதாமையைக் காட்டிவிட்டது.

டைம்லைனில் இல்லாத கேமரா

அந்த இளைய எடிட்டர் புது மெஷின் கேட்டு ஒரு வரிகூட எழுதியதில்லை. கலரிஸ்டிடமிருந்து இறங்கிவந்த மெஷின் அவருடையது. கிராஃபிக்ஸ் கார்டு தேவலாம், ரேமும் போதும், காகிதத்தில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. அன்று அவர் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு நேர்காணல். இரண்டு கேமரா, இரண்டும் 4கே, எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரம் எவ்வளவு என்பதைக் குறிப்பது). ஷாட்டுகளை அடுக்கி வெட்டும் டைம்லைன் மட்டும் 1080. அவர் வேலை செய்வதைப் பார்த்தால் மெஷின் மெதுவாக இருப்பதாகவே தோன்றாது. விரல்கள் வேகமாக ஓடின, எங்கும் காத்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் அதற்குக் காரணம் புரிந்தது. அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்து, மூச்சு விடும் இடம், வாக்கியம் முடியும் இடம் ஆகியவற்றைக் கண்ணால் பிடித்து, அங்கே வெட்டிக்கொண்டிருந்தார். மேலே சாளரத்தில் படம் எங்கோ ஒரு ஃபிரேமில் உறைந்து கிடந்தது. ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டைம்லைனைக் கவனித்தபோது இன்னொன்றும் தென்பட்டது. படத்துக்கான தடம் ஒன்றே ஒன்று. வெட்டுகள் வரும் இடங்களில் அதே ஷாட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, அடுத்த வெட்டில் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டு கோணங்கள் இருப்பதுபோலச் செய்திருந்தார். 4கே படத்தை 1080 டைம்லைனில் வைத்தால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு கெடாது என்பதால் பலரும் கையாளும் வழிதான் இது. ஆனால் இரண்டாவது கேமரா?

"ரெண்டாவது கேமரா ஃபுட்டேஜ் எங்கேம்மா?"

"ஃபோல்டர்ல இருக்கு அண்ணா. ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஓடாது. இதுலயே ஜூம் பண்ணிக்கிட்டா நல்லாத்தான் இருக்கு."

"எப்போலேர்ந்து இப்படிப் பண்றீங்க?"

"இந்த மெஷின் வந்ததுலேர்ந்து. பழகிடுச்சு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் பழகிவிட்டிருந்தது. அந்த ஒற்றைக் கோண பாணியைத் தயாரிப்பாளர் ஒருவர் "சுத்தமாக இருக்கிறது" என்று பாராட்டியதும் எனக்கு நினைவிருந்தது. அதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. நேர்காணல்களுக்கு இரண்டாவது கேமரா தேவையா, எடிட்டில் அது வருவதே இல்லையே என்ற பேச்சு படப்பிடிப்புக் குழுவின் கூட்டத்தில் அப்போதே தொடங்கியிருந்தது. ஒரு பிராசஸரின் குறைபாடு எடிட்டிங் பாணியாகி, படப்பிடிப்பு முறையாகவும் மாறவிருந்தது. அந்தச் சங்கிலியின் எந்த முனையிலும் "கணினி" என்ற சொல்லே வரவில்லை.

காத்திருப்பை அளக்கக் கிளம்பியவனுக்கு அந்த அறையில் அளப்பதற்குக் காத்திருப்பே இல்லை. எங்கே காத்திருக்க வேண்டியிருந்ததோ அங்கே போவதையே அவர் விட்டுவிட்டார். மெதுவான மெஷின் முதல் சில வாரங்களுக்கு நேரத்தைத் தின்கிறது. பிறகு, இதையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசையைத் தின்னத் தொடங்குகிறது. எல்லா டேக்குகளையும் பார்ப்பதில்லை, இரண்டாவது கோணத்தைத் திறப்பதில்லை, மாற்று வடிவம் ஒன்று வெட்டிப் பார்ப்பதில்லை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அவர் எங்களில் மிக வேகமானவர்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த இரண்டு கோணங்களையும் ஒன்றாக ஓடவிட்டோம். பிராசஸர் நூறு சதவீதத்தில் முட்டி நின்றது. கிராஃபிக்ஸ் கார்டு அநேகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எச்.265 கோப்பில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை. மற்ற ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற விவரம் மட்டுமே இருக்கும். எங்காவது நடுவில் ஒரு ஃபிரேமைக் காட்ட வேண்டுமென்றால் அது சார்ந்திருக்கும் ஃபிரேம்களையெல்லாம் விரித்தாக வேண்டும். இதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால் அது சுலபம். இல்லையென்றால் பிராசஸர் கையால் உடைக்க வேண்டும். என்விடியா கார்டுகளில் 4:2:2 வகைக்கான அந்தப் பகுதி 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல் பிராசஸர்களின் உள்ளமைந்த கிராஃபிக்ஸிலிருக்கும் அதுபோன்ற பகுதியான குயிக் சிங்கில் எச்.265-இன் 10 பிட் 4:2:2 அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உண்டு. ஆனால் அந்த மெஷினில் இருந்தது பெயரின் கடைசியில் 'எஃப்' போட்ட பிராசஸர். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாத, அதனாலேயே சற்று மலிவான வகை. கலரிஸ்டுக்காக வாங்கும்போது அது புத்திசாலித்தனமான சிக்கனம். பெரிய கார்டு தனியாக இருக்கிறது, உள்ளே இன்னொன்று எதற்கு? அதே மெஷின் எடிட்டரின் மேசைக்கு இறங்கியபோது அந்தச் சிக்கனம் அவருடைய இரண்டாவது கேமராவை விழுங்கிவிட்டது.

தீர்வு சிறியது. அதே தலைமுறையில் 'எஃப்' இல்லாத பிராசஸரை மாற்றிப் போட்டு, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) உள்ளமைந்த கிராஃபிக்ஸை இயக்கத்தில் வைத்தோம். ஒரு மேசைக்கு ஒரு சிப், கொஞ்சம் தெர்மல் பேஸ்ட். இரண்டு கோணங்களும் ஓடின. அவர் முதலில் செய்தது, ஏற்கெனவே வெட்டி முடித்த பகுதிகளைத் திரும்பத் திறந்து இரண்டாவது கேமராவைப் போட்டுப் பார்த்ததுதான். சில இடங்களில் அது நன்றாக இருந்தது. சில இடங்களில் பழைய ஜூமே மேல் என்று விட்டுவிட்டார். அந்த முடிவு இப்போது அவருடையதாக இருந்தது.

புராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டுமான இலகுவான நகல், போட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காதே என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. 1080 அளவில் புரோரெஸ் என்ற கோப்பு வகையில் செய்த புராக்ஸி, 25 ஃபிரேமில், நொடிக்கு ஏறக்குறைய 38 மெகாபிட்தான்; எந்தப் பழைய மெஷினும் ஓட்டிவிடும். ஆனால் அதை யார், எந்த மெஷினில், எப்போது செய்வது? தன் மெஷினிலேயே செய்ய வேண்டுமென்றால் எடிட்டர் அரை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூத்த எடிட்டருக்கு மட்டும் புராக்ஸி வழக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், வரிசையின் கடைசியில், கேமரா கார்டுகளைக் காப்பி போடும் உதவியாளர்.

கடைசி மேசை

அதனால் அடுத்த நாற்காலியை அந்தக் கடைசி மேசைக்குப் பின்னால் போட்டேன். முன்பக்கம் இரண்டு யுஎஸ்பி துளைகள். இரண்டும் பழைய 2.0. பின்பக்க 3.0 துளைகளையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குகள் பிடித்துக்கொண்டதால் கார்டு ரீடர் முன்பக்கத்தில் செருகப்பட்டிருந்தது. நொடிக்கு நாற்பது மெகாபைட் வந்தால் அதிகம். 256 ஜிபி கார்டு ஒன்று காப்பியாக ஒன்றேமுக்கால் மணி நேரம். நல்ல ரீடரும் நல்ல துளையும் இருந்து, கார்டும் ஈடுகொடுத்து நொடிக்கு 400 மெகாபைட் கிடைத்தால் பதினோரு நிமிடம். அதற்குப் பிறகு காப்பி அசலோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் செக்சம் சரிபார்ப்பு, பிறகு புராக்ஸி. காலையில் மூத்த எடிட்டர் வந்து "ஃபுட்டேஜ் இன்னும் வரலையா?" என்று கேட்பதற்கும் முன்பக்கத்திலிருந்த அந்த ஒரு துளைக்கும் உள்ள சம்பந்தம் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டுடியோவுக்குள் வரும் ஒவ்வொரு ஃபிரேமும் முதலில் நுழையும் வாசலில்தான் எங்களிடமிருந்த மிகப் பழைய கணினி இருந்தது.

இந்த முறை முழுப் புது மெஷின் ஒன்றுதான் வாங்கினோம். அது காப்பி மேசைக்குப் போனது. மீதிப் பணம் துண்டு துண்டாகப் பிரிந்தது: பிராசஸர், மோஷன் கிராஃபிக்ஸுக்கு ரேம், சர்வருக்கும் எடிட்டிங் அறைகளுக்கும் நடுவே 10 கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு கணக்குப் போதும். 4கே அளவில் புரோரெஸில் தரம் கூடிய வகையான 422 எச்க்யூ, 25 ஃபிரேமில், நொடிக்கு 737 மெகாபிட். ஒரே ஒரு கோணமே ஒரு கிகாபிட் வயரின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். இரண்டு கோணம் அதில் போகவே போகாது, மேசையில் எப்பேர்ப்பட்ட மெஷினை வைத்தாலும் சரி. கலரிஸ்டின் கார்டு அடுத்த முறைக்குத் தள்ளிப்போனது. அவர் எரிச்சலோடு, ஆனால் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

கடினமாக இருந்தது மூத்த எடிட்டருடன் பேசியதுதான். "இத்தனை வருஷமா இங்க இருக்கேன். காப்பி போடற பையனுக்குப் புது மெஷின், எனக்கு இல்லையா?" என்று கேட்டார். இது வேகத்தைப் பற்றிய கேள்வி அல்ல என்பது இருவருக்கும் தெரியும். எண்களைக் காட்டி இதற்குப் பதில் சொல்லக்கூடாது. எண்களைக் காட்டினால், உங்கள் வருத்தத்துக்கு மதிப்பில்லை என்று சொன்னதாக ஆகும். புது மெஷின் ஒரு மரியாதையாக ஆகிவிட்டதற்கு அவர் பொறுப்பல்ல. ஒவ்வொரு முறையும் பதவி வரிசையில் கொடுத்துக் கொடுத்து நாங்கள்தான் அதை மரியாதையாக ஆக்கினோம். அவருக்கு வேண்டியதை வேறு வகையில் கொடுக்க முடியும் என்று தோன்றியதால், கலர் துல்லியமான மானிட்டர் ஒன்றையும் அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த நாற்காலியையும் வாங்கச் சொல்லி எழுதினேன். நாற்காலி முதலில் வந்தது. காலையில் ஃபுட்டேஜுக்காகக் காத்திருப்பது நின்ற பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மனதில் இருக்கலாம்.

மெஷின்களைப் படிப்படியாகக் கீழிறக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். மேலே ஒரு மெஷின் வந்தால் கீழே நான்கு பேர் இடம் மாறுவார்கள். நால்வருக்கும் பிளக்இன்கள், லைசென்ஸ்கள், எழுத்துருக்கள், கீபோர்டு அமைப்புகள் எல்லாம் மறுபடி. பாதி வேலையில் மாறினால் இன்னும் மோசம்: புதிய பதிப்பில் திறந்து சேமித்த புராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காமல் போய்விடும். இறங்குகிற மெஷின் போய்ச்சேரும் மேசையின் வேலைக்குப் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதுமில்லை. 'எஃப்' பிராசஸர் வந்த வழி அதுதான். இப்போது ஒரு மெஷின் ஒரு படிதான் இறங்கலாம், அதுவும் கையிலிருக்கும் புராஜெக்ட் முடிந்த பிறகு.

விண்ணப்பப் படிவத்தில் "தற்போதைய மெஷினின் குறைபாடுகள்" என்றிருந்த இடத்தில், "மெஷின் தாங்காது என்பதற்காக எந்த வேலையைச் செய்வதை விட்டுவிட்டீர்கள்?" என்று மாற்றி வைத்திருக்கிறேன். ஒலிப் பொறியாளர் "எதுவுமில்லை, ஃபேன் சத்தம் மட்டும்" என்று எழுதினார். அவருடைய பெட்டியைச் சுவருக்கு அந்தப்புறம் வைத்து நீளமான கேபிள் இழுத்துக் கொடுத்தாயிற்று. இதுவரை எதுவுமே கேட்டிராத 3டி கலைஞர் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். 3டி மென்பொருளான பிளெண்டரில் ரெண்டர் செய்யும் சைக்கிள்ஸில் கார்டின் நினைவகத்துக்குள் காட்சி அடங்காததால் மரங்களைக் குறைத்து, பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களைப் பாதியாக்கி, பின்னணியை மூடுபனியில் மறைத்துக்கொண்டிருக்கிறாராம். அந்த மூடுபனியும் எங்கள் ஸ்டுடியோவின் பாணி என்று பேர் வாங்கியிருந்தது. அடுத்த ஒதுக்கீட்டில் கலரிஸ்டுக்கு வாக்குக் கொடுத்த கார்டும் இதுவும் மோதப்போகின்றன. இருவருக்கும் வேண்டியது நினைவகம் அதிகமுள்ள கார்டுதான். ஒருவருடைய ரெண்டர் பெரும்பாலும் இரவில் ஓடுகிறது, மற்றவருடைய பிளேபேக் பகலில். ஒரே கார்டை இருவரும் பகிர்ந்துகொள்ள வழியிருக்கிறதா, கிரேடிங் மெஷினின் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.